மச்சானைக் கேட்க ஓர் அன்ரெனா

"இப்ப கேக்குதோ?"

வசந்தி பால்கனியில் நிற்கிறாள். ஒரு கையில் அகப்பை. மறு கையில் ஐந்து கம்பிகளை ஒரு கட்டையில் முறுக்கிச் செய்த ஏதோ ஒன்று. பாதி பிய்ந்த விளக்குமாறு போல இருக்கும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். கீழே தரிப்பிடத்தில் ஒருவர் காரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்.

நான் உள்ளே, ஒரு கறுப்புப் பெட்டியில் காதை ஒட்ட வைத்தபடி குந்தியிருக்கிறேன்.

"இல்லை. கொஞ்சம் அங்கால."

"இப்ப?"

"வந்தது, போட்டுது. திரும்ப இஞ்சால வாரும்."

"கறி அடிப்பிடிக்கப் போகுது. கெதியாச் சொல்லுங்கோ."

"கறியை நான் பாக்கிறன், நீர் அசையாதையும்."

"நீங்கள் கறியைப் பாத்தால் பெட்டியை ஆர் கேக்கிறது?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் நியாயமான கேள்விகளை எல்லாம் அவள்தான் கேட்பாள். நான் பெரும்பாலும் பதில் தெரியாத நிபுணன்.

சென்ற வாரம் பல் வைத்தியரிடம் நான் பட்ட பாட்டை வாசித்துவிட்டு, "இதைவிட மோசமாக உங்களுக்கு என்னதான் நடந்துவிட முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரு மனிதன் தன் மனைவியின் அண்ணன் பேசுவதை, கொலோன் நகரின் இந்தக் கரையிலிருந்து, அவருக்குத் தெரியாமல், ஒரு விளக்குமாற்றின் உதவியோடு கேட்க முயல்வது என்பதே என் பதில்.

கேட்கக் கூடாதவற்றின் நாடு

அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஸ்கானர் என்று பெயர். வானொலி அலைகளின் மீது தானாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கே மனிதக் குரல் அகப்படுகிறதோ அங்கே நிற்கும். பழைய சாமான் சந்தையில் ஒருநாள் அதைப் பார்த்தேன். விற்றவர், "இதில் உலகமே கேட்கும்" என்றார். உலகம் என்ன பேசுகிறது என்று அறியும் ஆவல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. உலகத்துக்கு என்னைப் பற்றி அப்படி ஓர் ஆவல் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஜேர்மனியில் ஸ்கானர் வைத்திருக்கலாம். பொலிஸ் பேசுவதைக் கேட்கக்கூடாது. தீயணைப்புப் படை கூடாது. அம்புலன்ஸ் கூடாது. விமானி கூடாது. தற்செயலாகக் காதில் விழுந்துவிட்டால், விழுந்ததை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. பொலிசார் எப்படியும் இப்போது பூட்டுப்போட்ட மொழியில்தான் பேசுகிறார்கள். கேட்டாலும் பெட்டி கரகரக்கும், அவ்வளவுதான்.

எஞ்சியது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள். சோதனை எழுதி, உரிமம் பெற்று, அடையாள எழுத்துகளாக ஓர் அழைப்புக் குறி வாங்கி, தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நல்ல மனிதர்கள். அவர்கள் பேச்சு எல்லோருக்கும் பொது, கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல்களில் எங்கள் பக்கத்தில் அவர்களுடைய கூட்டம் ஒன்று வானொலியிலேயே கூடும். ஹோர்ஸ்ட் என்ற பெரியவர் தலைமை தாங்குவார். ஒவ்வொருவரையும் வரிசையாக அழைப்பார். அவர்கள் முழங்கால் வலி, காலநிலை, தக்காளிக் கன்று, அன்ரெனா ஆகிய நான்கு பொருள்கள் குறித்து உரையாற்றுவார்கள். அதிலும் நேரத்தில் பெரும்பங்கு அன்ரெனாவுக்கே. அன்ரெனா வழியாக அன்ரெனாவைப் பற்றிப் பேசுவதற்காக இவர்கள் சோதனை எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவனுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை.

அப்படி ஒரு ஞாயிறு, நான் கேட்டுக்கொண்டிருக்க, வசந்தி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஹோர்ஸ்ட் யாரோ ஒருவரைக் கூப்பிட்டார். பதிலுக்கு ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள்ளே, கிணற்றுக்குள் விழுந்த வாளி போல, ஒரு குரல். யாழ்ப்பாணத்து நாக்கால் உருட்டிய ஜேர்மன்.

வசந்தியின் கை நின்றது.

"உது அண்ணை" என்றாள்.

தபால்பெட்டியில் விழுந்த கலியாணம்

குணம் அண்ணை வசந்தியின் ஒரே தமையன். எனக்கு மச்சான். நகரத்துக்குக் கிழக்கே, ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத்தோடு கூடிய வீட்டில் இருக்கிறார். காரில் அரை மணி. அவரும் வசந்தியும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசவில்லை.

காரணம் ஒரு கலியாணக் காட்.

எங்கள் மகளின் கலியாணத்துக்கு வசந்தி வீடு வீடாகப் போய்த்தான் காட் கொடுத்தாள். எங்கள் ஆட்களுக்கு வேறு வழியில் சொன்னால் அது சொன்னதாகாது. முதல் காட் தமையனுக்கு. தமையன் வீட்டுக்கு யாராவது முன்கூட்டியே போன் அடித்துவிட்டுப் போவார்களா? இது டெர்மின், அதாவது முன்கூட்டிக் குறித்த நேரம், இல்லாமல் காய்ச்சல்கூட வராத நாடு என்பது வேறு விஷயம். அவள் நேரே போனாள். மணி அடித்தாள். ஆட்கள் இல்லை. காத்திருந்தாள். அன்றைக்குக் கொடுத்து முடிக்க வேண்டிய காட்டுகள் பை நிறைய இருந்தன. நல்ல நேரமும் போய்க்கொண்டிருந்தது. தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டாள். பிறகு ஒருதரம் வருவோம் என்று நினைத்தாளாம். கலியாண வேலையில் அந்தப் பிறகு வரவேயில்லை.

மச்சான் வீட்டுத் தபால்பெட்டியில் 'விளம்பரம் போடவேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும்.

"பீட்சாக் கடைக் காகிதத்துக்குள்ள இருந்து என்ர மருமகளின்ர கலியாண காட்டை எடுத்தனான்" என்று அவர் யாரோ உறவுக்காரரிடம் சொல்ல, அது சுற்றிச் சுழன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"நான் போனனான். கதவு பூட்டிக் கிடந்தது. அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்று வசந்தி சொன்னது அதே பாதையில் அந்தப் பக்கம் போனது.

கலியாணத்துக்கு அவர் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தூரத்து உறவினர் ஒருவர் நின்றார். நல்ல மனிதர்தான். ஆனால் வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் வசந்தி எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். தண்ணீர் குடிக்கவாம்.

இப்போது, இரைச்சலுக்குள் தமையன். உரித்த வெங்காயம் கையில் இருந்ததால் கண்ணைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று அவர் பேசியதில் எங்களுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: "...கிராங்கன்ஹவுஸ்... செவ்வாய்... இன்னும் தெரியாது..." நடுவில் இருமல். பிறகு இரைச்சல் அவரை முழுசாக விழுங்கிவிட்டது. ஹோர்ஸ்டோ பக்கத்துத் தெருவில் இருந்து பேசுகிறவர் போல, "நன்றி குணா, நலம் பெற வாழ்த்துகள்" என்று வெண்கலக் குரலில் சொல்லிவிட்டு அடுத்தவரின் தக்காளிக்குப் போனார்.

"ஆஸ்பத்திரியோ? ஏனாம்?"

"விளங்கேல்லை. போன் அடிச்சுக் கேளுமன்."

வசந்தி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க இந்த வாரப் பத்திரிகையில் இடம் போதாது.

"அவர் எடுக்கட்டும். நான் எடுக்க மாட்டன்" என்றாள். பிறகு பெட்டியைக் காட்டி, "உதை ஒழுங்காக் கேக்கப் பண்ணுங்கோ" என்றாள்.

அதுவரை அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் 'விசர்ப் பெட்டி', அதாவது பைத்தியப் பெட்டி, என்று பெயர். அன்றிலிருந்து 'உது' ஆகி, அடுத்த கிழமையே 'பெட்டி' என்று பதவி உயர்வு பெற்றது.

ரப்பர் வாலும் எலும்புக் குடையும்

பெட்டியோடு வந்த அன்ரெனா ஒரு ரப்பர் வால். விரல் நீளம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்க வசதி. அதைத் தவிர வேறு நன்மை எதுவும் இல்லை. ஹோர்ஸ்டைப் போன்ற அயலவர்களுக்கு அது போதும். மேட்டுக்கு அப்பால் கோபித்துக்கொண்டிருக்கும் மைத்துனருக்குப் போதாது.

இரண்டாவதாக, இழுத்து நீட்டும் தடி. பழைய வானொலிகளில் இருந்ததே, அதுதான். நீட்டும் அளவைப் பொறுத்துக் கேட்கும் அளவும் மாறும் என்று படித்து, நீட்டியும் குறுக்கியும் பார்த்தேன். மச்சானின் வாக்கியங்களில் வினைச்சொற்கள் கிடைக்கத் தொடங்கின. ஜேர்மன் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருமாகையால், அவர் என்னவோ செய்தார் என்பது தெரியும், எதை என்பது தெரியாது.

அடுத்ததுதான் என் பெருமுதலீடு. டிஸ்கோன் என்று ஓர் இனம். மேலே ஒரு தட்டு போலக் கம்பிகள், கீழே ஒரு கூம்பு போலக் கம்பிகள். துணி கிழிந்துபோன குடையை ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்தது போல இருக்கும். அகன்ற அலைவரிசை, எல்லாவற்றையும் பிடிக்கும், ஸ்கானர் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன்.

அது உண்மையாகவே எல்லாவற்றையும் பிடித்தது. ஞாயிறு முற்பகல் ஹோர்ஸ்ட், "குணா, உங்கள் முறை" என்று அழைக்க, மச்சான் பேச வேண்டிய இடத்தில் ஒரு பண்பலை நிலையத்தின் கார்னிவல் பாட்டு பொங்கி வந்தது. பக்கத்தில் இருக்கும் பெரிய ஒலிபரப்புக் கோபுரத்தின் பலத்தை எல்லாம் இந்தக் குடை அள்ளிக் கொண்டுவந்து கொட்ட, சின்னப் பெட்டி திக்குமுக்காடிப் போனதாம். இதுவும் பிறகு படித்ததுதான். நான் எதையும் பிறகுதான் படிப்பேன்.

"அண்ணை ஆஸ்பத்திரியில எண்டுறன், நீங்கள் பாட்டுப் போடுறியள்" என்றாள் வசந்தி.

"நான் போடேல்லை. உது எல்லாத்தையும் பிடிக்குது."

"எல்லாத்தையும் ஆர் கேட்டது? எனக்கு ஒண்டு காணும்."

இதைத்தான் அன்ரெனாப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்கின்றன. எல்லாவற்றுக்கும் உதவும் அன்ரெனா எதற்கும் பெரிதாக உதவாது. என்ன கேட்க வேண்டும் என்று முதலில் தீர்மானி, அந்த அலையின் நீளத்துக்குக் கம்பியை வெட்டு. நான் உலகத்தைக் கேட்கப் புறப்பட்டு உலகத்தின் அளவுக்கு ஒரு குடை வாங்கியிருந்தேன். அவள் ஒரேயொரு ஆளைக் கேட்கக் காத்திருந்தாள்.

மீன் முள்ளு

ஒரு திசையை மட்டும் கேட்கும் அன்ரெனா ஒன்றும் இருக்கிறது. நீண்ட தண்டில் குறுக்குக் கம்பிகள். பார்த்தால் மீன் முள்ளு. படத்தைக் காட்டியதும் வசந்தி உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் தென்னைக்குப் போட்டியாக இரும்புக் குழாயில் நின்றவை இவை. கடலுக்கு அப்பால் இருந்த இந்தியத் தொலைக்காட்சியைப் பிடிப்பதற்கு. ஒருவர் குழாயைப் பிடித்துத் திருப்ப, ஒருவர் முற்றத்தில் நிற்க, ஒருவர் உள்ளிருந்து "வருது, வருது, ஐயோ போட்டுது" என்று கத்துவார். வசந்தி வீட்டில் குழாய் திருப்பியவர் குணம் அண்ணை. முற்றத்தில் நின்று உள்ளே கத்துவதை அவருக்கு அஞ்சல் செய்தவள் வசந்தி. படம் தெளிந்ததும் எல்லாரும் உள்ளே ஓடிவிடுவார்கள். குழாயைப் பிடித்திருந்தவர் மட்டும் எதையும் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் அவர் மின்னணுவியல் படித்தார் என்பது என் கருத்து. வசந்தி இதை ஏற்பதில்லை.

"இதையே வாங்குங்கோ. அண்ணையின்ர பக்கம் திருப்பி வைப்பம்."

வாங்கலாம். ஆனால் எங்கள் குடியிருப்பின் விதிப்படி பால்கனிக் கம்பிவேலிக்கு வெளியே ஒரு பூந்தொட்டிகூட மூக்கை நீட்டக்கூடாது. மீன் முள்ளு முக்கால்வாசி வெளியே நிற்கும். வீட்டுப் பராமரிப்பாளர் ஏற்கெனவே குடையைப் பார்த்துவிட்டு, "அது என்ன?" என்று கேட்டிருந்தார். "உடுப்புக் காயப்போட" என்று வசந்தி சொல்லிவிட்டாள். சொன்னதை நிலைநாட்ட அடுத்த கிழமை முழுவதும் என் காலுறைகள் அதில் தொங்கின. டிஸ்கோன் தன் வாழ்நாளில் எங்களுக்குச் செய்த உருப்படியான சேவை அதுதான்.

கடைசியில் மிக எளியதற்கு வந்தோம். கால் அலை நீளத்துக்கு ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கும். அடியில் நான்கு கம்பிகள் சரிந்து இறங்கும். கட்டுமானக் கடையில் பித்தளைக் கம்பியும், நல்ல கேபிளும் வாங்கினோம். கேபிளில் மலிவு பார்த்தால் அன்ரெனா பிடித்ததைக் கேபிள் தின்றுவிடும். நீளமும் தேவைக்கு மேல் கூடாது. நிமிர்ந்த கம்பி அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வசந்தியின் தையல் நாடாவால் அளந்தேன். குறைத்து வெட்டினால் ஒட்ட முடியாது, கூடினால் பிறகு வெட்டலாம் என்று கொஞ்சம் கூடவே விட்டேன். பிறகு வெட்டவில்லை. என் வாழ்க்கையில் பெரும்பாலான 'பிறகு வெட்டலாம்'கள் அப்படியேதான் நிற்கின்றன.

அதைத்தான், முதலில் சொன்னபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப கேக்குதோ?"

இரும்பு வேலிக்குப் பக்கத்தில் பிடித்தால் குரல் மங்கியது. உயர்த்தி, வீட்டுச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்ததும், இரைச்சல் ஒரு திரைச்சீலையை இழுத்தாற்போல விலகியது. ஹோர்ஸ்ட் அழைத்தார். மச்சான் வந்தார். பக்கத்து அறையில் நின்று பேசுகிறவர் போல.

"நில்லும்! அப்பிடியே நில்லும்!"

கறி அடிப்பிடித்தது. இருவரும் அசையவில்லை.

இருமல் நாட்பட்டுவிட்டதால் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்களாம். பயப்பட ஒன்றும் இல்லையாம். குளிர்ந்த மேல்மாடியில் உட்கார்ந்து வானொலி பேசுவதைக் குறைக்கச் சொன்னார்களாம். அதை அவர் மேல்மாடியில் இருந்துதான் சொன்னார்.

வசந்தி கையை இறக்கவில்லை. அவர் முறை முடிந்து, அடுத்தவர் தன் தக்காளியைத் தொடங்கி, அதுவும் முடிந்த பிறகுதான் இறக்கினாள்.

இருமல் இரண்டு தரம்

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் பேசியதை நீங்கள் எங்கோ இருந்து கேட்டால், எந்த நேரம், எவ்வளவு தெளிவு, என்ன அன்ரெனா என்று ஓர் அட்டையில் எழுதி அவருக்கு அனுப்பலாம். உண்மையாகக் கேட்டதற்கு அடையாளமாக, அவர் சொன்னதில் ஒன்றிரண்டைக் குறிப்பிட வேண்டும். அட்டை கிடைத்தவர் தன்னுடைய அட்டையைப் பதிலுக்குத் தர வேண்டும். தராவிட்டால் அவர் பெயருக்கு இழுக்கு.

இதைச் சும்மா தகவலாகத்தான் சொன்னேன். வசந்தி கை கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருந்தாள்.

"எழுதுங்கோ."

"வானொலிக்காரரின்ர சங்கம் மூலமா அனுப்பினால் போய்ச்சேர ஒரு வருசமும் ஆகுமாம்."

"அதுக்குள்ள நாங்கள் பேரப்பிள்ளை கண்டிடுவம். நேரா அனுப்புங்கோ."

"நேரா எண்டால் தபால்பெட்டிக்குள்ளதான் விழும். திரும்பவுமோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உதுக்கு அதுதானே முறை எண்டுறியள். முறையெண்டால் சரி."

நேரம், அலைவரிசை, தெளிவு எல்லாம் நான் எழுதினேன். கேட்டவர் பெயர்: வசந்தி. கேட்டதற்கு அடையாளம் என்ற இடத்தில் அவள் பேனையை வாங்கித் தமிழில் எழுதினாள்: 'இரண்டு தரம் இருமினீர்கள். மேல்மாடியில் இருக்கவேண்டாம்.'

தமிழில் கிளியைத் தூது விட்டிருக்கிறார்கள். அன்னத்தை, மேகத்தை, தென்றலை விட்டிருக்கிறார்கள். செய்திப் பகுதியில் இருமலை எழுதிய தூது எனக்குத் தெரிந்து இதுதான்.

பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு மச்சான் மழையைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த ஞாயிறு வரவேயில்லை. வசந்தி அன்ரெனாவை மட்டும் ஒருதரம் துடைத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டு இருட்டியபின் வந்தோம். தபால்பெட்டியில் பீட்சாக் காகிதம் மட்டும் கிடந்தது.

ஹோர்ஸ்டின் அனுமதி

மறுநாள் ஞாயிறு. அன்ரெனா இப்போது பால்கனி மூலையில் ஒரு மரக்கம்பில் கட்டி நின்றது. ஹோர்ஸ்ட் அழைத்தார்.

மச்சான் ஜேர்மனில் தொடங்கினார். "ஒரு கேட்பவரிடமிருந்து அறிக்கை அட்டை வந்தது. மிகவும் துல்லியமான அறிக்கை. பதில் அட்டையை நேற்று நேரிலேயே கொண்டுபோனேன். வீட்டில் ஆட்கள் இல்லை."

"பெட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கலாமே?" என்றார் ஹோர்ஸ்ட்.

"எங்கள் பக்கத்தில் அட்டையைப் பெட்டியில் போடுவதில்லை. திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்."

வசந்தி சட்டெனத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"ஹோர்ஸ்ட், ஒரு வசனம் என் மொழியில் சொல்லலாமா?"

"இது தபால் கந்தோர் இல்லை, குணா." சிறிது இரைச்சல். "சுருக்கமாகச் சொல்லுங்கள்."

ஒரு செருமல். பிறகு, கொலோன் நகரத்தின் மீது, தக்காளிக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்க:

"வசந்தி, வாற சனிக்கிழமை மூண்டு மணிக்கு வாறன். வீட்டில நில்லு."

ஒரு சொல்கூடக் கெடவில்லை.

"ஓம், வாங்கோ" என்றாள் வசந்தி பெட்டியைப் பார்த்து. "அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"உதால திருப்பிக் கதைக்க ஏலாது. கேக்க மட்டுந்தான். போன் அடிச்சுச் சொல்லுமன்."

"போனில சொல்லுற விசயமோ இது?" என்றாள்.

அங்கே ஹோர்ஸ்ட், "செய்தியைப் பெற்றவர் உறுதிசெய்ய முடியுமா?" என்று வழமைப்படி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பெற்றவர் உளுந்து ஊறப்போடும் அளவைப் பற்றி என்னிடம் ஆலோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் நான் அன்ரெனாவைக் கழற்றி உள்ளே வைக்கப் போனேன். தொழில் தெரிந்தவர் கண்ணில் என் வேலை படவேண்டாம் என்று நினைத்தேன். வசந்தி விடவில்லை.

"நிக்கட்டும். அவர் பாக்கட்டும்."

மூன்று மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தாள். குணம் அண்ணை தனியாக, மேலங்கியின் பொத்தான்கள் எல்லாம் பூட்டியபடி நின்றார். அழைப்புக் குறி அச்சிட்ட சின்ன அட்டையை, கலியாணக் காட் நீட்டுவது போல, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.  

அவர் அவள் தோளுக்கு மேலாகப் பால்கனியைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"அந்த நடுக் கம்பி ரண்டு சென்ரிமீற்றர் கூட."

வசந்தி கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வந்து வெட்டுங்கோ" என்றாள்.